மங்கம்மாவுக்குச் சிவப்புப் புடவை

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் என் மெடிக்கல் ஷாப்புக்கு நேர் எதிரே ‘ஜெர்மன் ஸ்டோர்’ இருக்கிறது. உள்ளே ஜெர்மன் சரக்கு ஒன்றும் கிடையாது. பிளாஸ்டிக் பக்கெட், நைலான் கயிறு, பூட்டு, எலிப்பொறி, குக்கர் கேஸ்கட். எல்லாம் பெங்களூர் மொத்த வியாபாரிகளிடம் வாங்கியது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஷைலஜாதான் அந்தக் கடையின் ஒரே ஜெர்மன் சாமான் என்று பஜாரில் கிண்டல் செய்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். “ஆமா, அதான் இன்னும் தேயாம கீறேன்” என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

ஷைலஜாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நிறத்தில் எங்களைப் போல நல்ல கறுப்பு. கண் மட்டும் பச்சையும் பழுப்புமாகப் பூனைக்கண். பள்ளிக்கூடத்தில் அவளை ‘வெள்ளைக்காரன் மிச்சம்’ என்று கூப்பிட்ட ஒருவனைச் சிலேட்டால் மண்டையில் போட்டாள். அந்த ஆள் இன்றைக்கும் என் கடைக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வரும்போது, எதிர்க்கடையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படியேறுகிறான். இங்கே தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் பாதி பஜார் பெங்களூருக்கு ரயிலேறியது. ஷைலஜா பெயின்டரைக் கூப்பிட்டுக் கடைப் பலகையை இன்னும் பெரிசாக எழுதச் சொன்னாள். அவள் அப்படித்தான். எவனாவது தள்ளினால் அங்கேயே காலை ஊன்றிக்கொள்வாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவள் கணவர் மாரடைப்பில் போனார். காரியத்தன்று சொந்தக்காரப் பெண்கள் கூடி, பொட்டை அழிக்கவும் வளையலை உடைக்கவும் வந்தார்கள். ஷைலஜா கதவருகே நின்றுகொண்டு, “எங்க கொள்ளுப்பாட்டி மங்கம்மா கழட்டல. நானும் கழட்ட மாட்டேன். யாருன்னா கிட்ட வந்தீங்க, மரியாதை கெட்டுடும்” என்றாள். மறுவாரம் பொட்டும் மல்லிகைப் பூவுமாகக் கடை திறந்தாள். அவள் முகத்தில் முழிக்கக் கூடாது, அவளிடம் முதல் போணி செய்யக் கூடாது என்று சிலர் பத்து மணிக்கு மேல் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு மட்டும் எல்லாச் சாமானும் விலை ஏறியிருக்கும். நான் கண்ணால் பார்த்தவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

மங்கம்மா கதை பஜாரில் தெரியாதவர் கிடையாது. பாலகாட் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பொருத்த ஜெர்மனியிலிருந்து கஸ்பர் என்று ஒருவன் வந்தான். மாரியம்மன் கோவிலில் வைத்து அவளுக்குத் தாலி கட்டினான் என்பது ஷைலஜா வீட்டுக் கட்சி. தாலியாவது ஒன்றாவது, பங்களாவில் வைத்துக்கொண்டான் என்பது ஊர்க் கட்சி. ஒரு பிள்ளை பிறந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மன்காரர்களைப் பிடித்து எங்கோ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கஸ்பரும் போனான். கொஞ்ச காலம் கழித்து, “தொர முகாம்லயே செத்துட்டாரு, கொண்டாந்து இங்கயே பொதச்சிட்டாங்க” என்று மங்கம்மா சொன்னாள். வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கல்லறையைக் காட்டினாள். தானே சுண்ணாம்பு கரைத்து அதை வெள்ளையடித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கல் கரிநாளுக்கும் அந்தக் குடும்பம் அங்கே போய்ப் புதுச் சுண்ணாம்பு பூசி, இலை போட்டு, துரைக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்போடு சோறு படைத்துக் கும்பிட்டு வருகிறது.

ஆனால் தாலியைக் கழற்ற மட்டும் மங்கம்மா சம்மதிக்கவில்லை. செத்தவனுக்கு வருஷாவருஷம் சோறு படைக்கிறாள், கழுத்தில் தாலியும் தொங்குகிறது, இவள் என்ன பொம்பளை என்று ஊர் காறித் துப்பியது. அவள் பஜாரில் கடை போட்டாள். லாந்தர் கண்ணாடி, திரி, சோப்பு விற்றாள். கடைக்கு ‘ஜெர்மன் ஸ்டோர்’ என்று பெயர் வைத்தாள். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்து, 1949-இல் செத்தாள். உயிரோடு இருந்தவரை நெருங்க முடியாதவர்கள் பிணத்தை நெருங்கினார்கள். தாலியை அறுத்து, வளையலை உடைத்து, நெற்றியைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி அனுப்பினார்கள். ஷைலஜாவின் அப்பா துளசிராமன் அப்போது சின்னப் பையன். அதை வாசலில் நின்று பார்த்தவர். கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கு அந்தப் பெண்களின் மேல் இன்றைக்கும் கோபம் வருகிறது, அவர்களில் ஒருத்தி என் சொந்தப் பெரியம்மா.

போன வருஷம் ஆவணியில் ஷைலஜாவின் மகள் சுமாவுக்கு நிச்சயம் ஆனது. பெண் பெங்களூரில் வேலை செய்கிறாள், பையனும் அங்கேயே. கல்யாணம் வைகாசியில். எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரியைக் கும்பிடாமல் பந்தக்கால் நட மாட்டார்கள். பூவும் பொட்டுமாகச் செத்துப்போன வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. கல்யாணத்துக்கு முன் கிணற்றடியிலிருந்து கரகத்தில் அவளை அழைத்துவந்து, புதுப்புடவை வைத்துப் படைத்து, நீயே முன்னால் நின்று நடத்திக்கொடு என்று வேண்டிக்கொள்வது வழக்கம். இந்தத் தடவை மங்கம்மாவை அழைக்க வேண்டும் என்று ஷைலஜா கிளம்பினாள். மங்கம்மா பிறந்த வீட்டு மனுஷி என்பதால், கும்பிட்டுப் படைக்கும் பொறுப்பு அவள் அண்ணன் மனோகருடையது. மனோகர் ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவன். கடைப் பலகையைப் பார்த்தாலே அவனுக்கு வயிறு எரியும். குடும்பத்தில் ஜெர்மன்காரன் இருந்த கதையைத் தன் சம்பந்தி வீட்டில் இன்றுவரை மூச்சுவிடவில்லை.

அன்றைக்கு நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். மனோகர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “தாலி கட்னான்றதுக்கு சாட்சி இன்னா கீது ஷைலு? சரி, கட்னான்னே வெச்சிக்க. அவன் செத்து முப்பது வருசத்துக்கு மேல கழிச்சித்தானே அவ செத்தா? முண்டச்சியப் பூவாடைக்காரின்னு கூப்ட்டா குடும்பம் வெளங்குமா?”

சொன்ன பிறகுதான் யார் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்கு உறைத்தது. அவன் மனைவி நளினி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நானும் முண்டச்சிதான்” என்றாள் ஷைலஜா. “அப்போ எம் பொண்ணு கல்யாணத்துக்கு என்னையும் கூப்ட மாட்டியாண்ணா?”

மனோகர் டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். பேச்சை வாபஸ் வாங்கவில்லை. அன்றைக்கே ஷைலஜா முடிவு கட்டிவிட்டாள். கஸ்பர் எந்த ஊர், எந்த வீடு, அவன் மங்கம்மாவைப் பற்றித் தன் வீட்டில் என்ன சொல்லி வைத்திருந்தான் என்று தோண்டாமல் விடப்போவதில்லை. மங்கம்மா பெண்டாட்டி என்று அவன் வீட்டார் வாயால் சொல்ல வைத்து, அதே வாயோடு அண்ணன் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினால், படையல் தானாக நடக்கும் என்பது அவள் கணக்கு.

வழி சொன்னது சுமா. ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி வெளிநாட்டுக்கு அனுப்பினால், உலகத்தில் எங்கே நமக்கு ரத்த சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். மனோகர் சிரித்தான். “எச்சில அனுப்பி எவனாவது வம்சம் தேடுவானா?” என்றான். ஷைலஜா பெரிய அலட்சியத்தோடு கல்லாவிலேயே உட்கார்ந்து துப்பினாள். எலிப்பொறி வாங்க வந்த ஒரு அம்மாள் அருவருப்பாகப் பார்த்துவிட்டு வாங்காமலே போய்விட்டாள்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. ஜெர்மனியில் உர்சுலா என்று ஒரு பெண்மணி, ரிடையரான டீச்சர், எச்சிலில் ஒத்துப்போனாள். கஸ்பரின் பேத்தி. தாத்தா இளம் வயதில் இந்தியாவில் வேலை பார்த்தார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியுமாம், வேறெதையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லையாம். கம்ப்யூட்டரில் குடும்ப மரம் போட்டு வைத்திருந்த அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. மாசியில் நேரிலேயே வருவதாக எழுதினாள்.

நாங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டோம். கஸ்பருக்கு அங்கே பேத்தி இருக்கிறாள் என்றால் அங்கேயும் ஒரு கல்யாணம் நடந்திருக்கும், அது எப்போது என்று யாரும் கேட்கவில்லை. இங்கே வருவதற்கு முன்பே அங்கே ஒருத்தி இருந்திருப்பாள், எல்லாத் துரைகளையும் போல, என்று ஷைலஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுமாவிடம் மட்டும், “சமாதி விஷயத்த எழுதாத. நேர்ல கூட்டிம்போய்க் காட்டினாதான் அவங்களுக்குத் தெரியும், நாம எப்படி வெச்சிருக்கோம்னு” என்று சொல்லி வைத்தாள். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

உர்சுலா எழுபது தாண்டியவள். ஒல்லியாக, வெயிலில் சிவந்துபோய், சுமாவின் காரிலிருந்து இறங்கினாள். ஷைலஜாவின் கண்ணைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே கண். நான் முறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷைலஜாவின் அப்பாவுக்கு அவள் தங்கை முறை. “ஷைலு, இவங்க உனக்கு அத்தை” என்றேன். அதிலிருந்து ஷைலஜா அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டாள். சுமா இங்கிலீஷில் விளக்கம் சொன்னதும் உர்சுலா அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“சேகர்ணா, கடைய மூடிட்டு நீங்களும் வாங்க” என்று ஷைலஜா என்னையும் இழுத்துக்கொண்டாள். மனோகரையும் விடவில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மரியகுழந்தை கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கரிநாளுக்கு அடித்த சுண்ணாம்பு அப்படியே இருந்தது. பாசி பிடித்துக் கறுத்த கல்லறைகளுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஷைலஜா சாமந்தி மாலையை உர்சுலாவின் கையில் கொடுத்து, “போடுங்க அத்தை. உங்க தாத்தாதான்” என்றாள்.

சுமா மொழிபெயர்த்தாள். உர்சுலாவின் முகம் சுருங்கியது. மாலையைப் போடாமல் கல்லைச் சுற்றி வந்தாள். நூறு வருஷத்துச் சுண்ணாம்பு அடுக்கடுக்காக ஏறி, எழுத்து வெட்டிய இடமெல்லாம் மூடி, கல்லே உருண்டையாகியிருந்தது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

“பேருதான். வேற இன்னா?” என்றாள் ஷைலஜா.

உர்சுலா சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். மரியகுழந்தை ஒரு கொத்துக்கரண்டியைக் கொண்டுவந்தார். ஷைலஜா தானே வாங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டிபோட்டுச் சுரண்டினாள். துரையின் பெயரை அவளும் அன்றுவரை பார்த்ததில்லை. சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. எழுத்துகள் தெரிய ஆரம்பித்தன. உர்சுலா குனிந்து, விரலால் தடவித் தடவி வாசித்தாள். யோஹான் ப்ரூக்னர். இறந்த வருஷம் 1903. வயது இருபத்தாறு.

“இது எங்கள் தாத்தா இல்லை” என்றாள்.

பிறகு மன்னிப்புக் கேட்கும் குரலில் மற்றதையும் சொன்னாள். கஸ்பரை முகாமிலிருந்து கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போருக்குப் பிறகுதான் அவர் அவளுடைய பாட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். கடைசிவரை சொந்த ஊரிலேயே இருந்தார். போனில் படத்தைக் காட்டினாள். அழகான கறுப்புக் கல், இரண்டு பெயர், பக்கத்தில் மெழுகுவர்த்தி.

மனோகர் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஆச்சா? எவனோ ஒருத்தனுக்கு நூறு வருசமா சோறு போட்டிருக்கோம். அவன் அங்க இன்னொருத்தியக் கட்டிக்கினு ஜம்முனு வாழ்ந்திருக்கான். வெளிய சொல்லாத ஷைலு, பஜார்ல சிரிப்பாங்க.”

ஷைலஜா கல்லறை மேலேயே உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டுத் தூக்கி நிறுத்தியது இப்படி ஒரு நிமிஷத்தில் பொசுக்கென்று போய்விட்டதே என்று அந்தக் கஸ்பரின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுமா, அவன் பேருக்குக் கீழ இந்தக் கடைசி நம்பர் இன்னா? அவன் செத்த வருசமா?”

“ஆமாம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூணு.”

“மங்கம்மா நாப்பத்தொம்பதுல செத்தா” என்றாள் ஷைலஜா. மெதுவாக எழுந்து அண்ணனுக்கு நேராக வந்து நின்றாள். “அவ சாகறப்ப புருஷன் உசுரோட கீறான்ணா. அவ முண்டச்சி இல்ல. பூவும் பொட்டுமாப் போனவ. அன்னிக்கு ஊரே சேந்து அறுத்தது ஒரு சுமங்கலி தாலி.”

மனோகர் போனை வாங்கி வருஷத்தைத் தானும் பார்த்தான். ஆனாலும் இன்ஜினியர் மூளை, விடவில்லை. “அவளுக்கே தெரியாதே, அவன் இருக்கானா செத்தானான்னு. அவதானே இந்தச் சமாதிய காட்டினா?”

“எப்படித் தெரியாமப் போவும்? பாலகாட்லயே பொறந்தவ. இந்தக் குழிய வெட்றப்போ அவளுக்குப் பன்னெண்டு, பதிமூணு வயசு. இதுல யாரு கீறாங்கன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சித்தான் காட்டியிருக்கா. ஓடிப்போனவன் புள்ளைன்னு நம்ம தாத்தாவ எவனும் கூப்டக் கூடாது. செத்துப்போன தொர புள்ளைன்னு கூப்டணும். கேக்க நாதியில்லாத ஒரு கல்லாப் பாத்து, பேரு தெரியக் கூடாதுன்னு மொத சுண்ணாம்ப அவ கையாலயே பூசியிருக்கா. ஊரு, உறவு, பெத்த புள்ள, எல்லாரையும் ஏமாத்தினா. தன் கழுத்த மட்டும் ஏமாத்தல. வெச்சிக்கினு இருந்தவளா இருந்தா, அவன் திரும்பலன்னு தெரிஞ்ச அன்னிக்கே கழட்டி எறிஞ்சிட்டுப் போயிருப்பா. பொய்த் தாலிய எவளாவது முப்பத்தஞ்சு வருசம், அத்தன பேச்சு வாங்கிக்கினு சுமப்பாளா?”

மரியகுழந்தை தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மனோகர் பெயர்ந்து விழுந்த சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சுமா தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொல்ல, உர்சுலா மாலையைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அதை யோஹானுக்கே போட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

கடைக்குத் திரும்பி, பக்கெட்டுகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் உர்சுலா தன் குடும்ப மரத்தைத் திறந்தாள். கஸ்பரின் பெயரிலிருந்து ஷைலஜாவின் தாத்தாவுக்கு ஒரு கோடு இழுத்து, மங்கம்மாவின் பெயரைப் போட்டாள். கஸ்பரையும் மங்கம்மாவையும் சேர்க்கும் கோடு மட்டும் புள்ளி புள்ளியாக வந்தது. ஏன் அப்படி என்று ஷைலஜா கேட்டாள். கல்யாணப் பதிவு இல்லாவிட்டால் அப்படித்தான் போட வேண்டும் என்றாள் உர்சுலா.

“என் எச்சில் போதுமா இருந்திச்சி, எங்க மங்கம்மா தாலி போதாதா?” என்றாள் ஷைலஜா. “நேரா இழுங்க அத்தை. அவளுக்கு அப்புறம் உங்க பாட்டியப் போடுங்க.”

சுமா இதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். “சொல்லுடி” என்று அதட்டல் வந்ததும் சொன்னாள். உர்சுலா கோட்டிலிருந்து விரலை எடுத்தாள். அப்படியானால் என் பாட்டி இரண்டாவதா, முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதா, என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியது. அவளுக்கும் ஒரு பாட்டி இருந்தாள் என்பது எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

ஷைலஜா எழுந்துபோய் அவள் தோளைத் தட்டினாள். “வருத்தப்படாதீங்க. உங்க பாட்டி மேல தப்பில்ல. அந்தாளுதான் சரியில்ல. ரெண்டாந்தாரம்லாம் எங்க பக்கத்துல சகஜம்” என்றாள்.

உர்சுலா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கோட்டை நேராக இழுத்தாள்.

அவள் ஊருக்குப் போனபின் ஷைலஜா அந்தக் கல்லறைக்கு மறுபடி சுண்ணாம்பு அடிக்கவில்லை. பெயர் தெரியட்டும் என்று விட்டுவிட்டாள். இனிமேல் கரிநாளுக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். “கருவாட்டுக் கொழம்பு யோஹானுக்குத்தான். இத்தன வருசம் நம்ம சோத்தத் தின்னவன், அவனை விட்டுட முடியுமா? கஸ்பருக்கு ஒரு பருக்கை கெடையாது. அவன் அங்க மெழுகுவத்திய வெச்சிக்கினு கெடக்கட்டும்” என்றாள். மங்கம்மாவை அப்படி விட்டுப் போனவனுக்கு இது ரொம்பக் குறைந்த தண்டனை என்பது என் அபிப்பிராயம்.

வைகாசியில் மனோகர் வீட்டில் படையல் நடந்தது. அவன் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. ஆனால் கிணற்றடியிலிருந்து கரகத்தைத் தலையில் ஏந்தி வந்தது அவன்தான். கூடத்தில் மனைப்பலகை மேல் சிவப்புப் பட்டுப் புடவை, மஞ்சள், கை நிறையக் கண்ணாடி வளையல், மல்லிகைப் பந்து. மங்கம்மாவின் பிணத்திலிருந்து பிடுங்கிக்கொண்டது எல்லாம் வரிசையாகத் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன.

கற்பூரத் தட்டை எடுத்தது ஷைலஜா. குடும்பத்தில் வயதில் மூத்த பார்வதம்மா உடனே, “நளினி, நீ வாங்கிக் காட்டும்மா. சுமங்கலிதான் காட்டணும்” என்றாள். நளினி ஒரு அடி முன்னால் வந்து, நாத்தனார் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

ஷைலஜா தட்டைக் கொடுக்கவில்லை.

“மங்கம்மா கழட்டலன்னுதான் நானும் கழட்டல, பெரீம்மா. இப்பதான் தெரியுது, அவளுக்குப் புருஷன் உசுரோட இருந்தான், தாலிய வெச்சிருந்தா. எனக்கு இல்ல. எனக்கு முன்னாடி இந்த வூட்ல யாரும் இப்படி நின்னதில்ல. பரவால்ல, நான் நிக்கறேன். எம் பொண்ணுக்கு நான்தான் காட்டுவேன்.”

கற்பூரத்தை ஏற்றினாள். தட்டை உயர்த்திப் பிடித்தாள். மங்கம்மாவின் புடவைக்கு மூன்று சுற்றுக் காட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். சுடரைத் தொட ஒருவரும் முன்னால் வரவில்லை. பார்வதம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனோகர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தங்கையிடம் நடந்துபோனான், இரண்டு கையையும் நீட்டிச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.